எதருச் செடியும் புளிக்காத மண்ணும்

நாற்றுப் பண்ணைக்கு இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. கம்பியை மண்ணில் குத்தினால் எண் காட்டும். ஏழுக்குக் கீழே இறங்கினால் புளிப்பு மண், ஏழுக்கு மேலே ஏறினால் உவர் மண். முழங்கால் ஒத்துழைக்காமல் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பண்ணைக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்த பெண் அந்தக் கருவியைக் காட்டி, "இது இல்லாதப்போ எப்டிண்ணா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். எனக்கு நேரில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. "கண்டுபுடிச்சோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆனாலும் எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே நிற்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என்னை, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருந்த நாற்றுப் பண்ணையில் தினக்கூலியாக எடுத்தார்கள். பை நிரப்பினேன். பதியம் போட்டேன். ஒட்டுக் கட்டினேன். ஒட்டுக் கத்தி என் விரலை வெட்டுவதை நிறுத்தியபோது தொழில் வந்துவிட்டது என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

மலைமேல் பண்ணை, கீழே கள்ளக்குறிச்சியில் ஆபீஸ். இரண்டுக்கும் பத்மநாபன் சார்தான் அதிகாரி. அவரிடம் ஒரு வழக்கம். மனிதர்களை 'டா' போட்டுப் பேசுவார். மண்ணுக்கு மரியாதை கொடுப்பார். அதுவும் எல்லா மண்ணுக்கும் அல்ல. மலை மண் 'அவர்'. கள்ளக்குறிச்சி மண் 'அவன்'.

"மேல இருக்காரே, அவரு பக்குவமான ஆளுடா. கீழ ஆபீஸ்ல இருக்கானே, அவன் வெறும் சுண்ணாம்பு. எத வெச்சாலும் மஞ்சளாக்கித்தான் அனுப்புவான்" என்பார். புதிதாக வந்த கிளார்க் ஒருவர், ஆபீஸில் இருக்கும் அந்தச் சுண்ணாம்பு ஆள் தான்தான் என்று நினைத்து, சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோனார்.

சார் மண்ணைச் சோதிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பார். நிழலில் உலர்த்தி, கல் பொறுக்கி, கண்ணாடித் தம்ளரில் போட்டு மழைத் தண்ணீர் ஊற்றிக் கலக்குவார். போர் தண்ணீர் கூடாது. அதில் உப்பு இருப்பதால் மண் பேச வேண்டிய இடத்தில் தண்ணீர் பேசிவிடுமாம். கலங்கல் தெளியும்வரை தம்ளருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு சிவப்புச் செம்பருத்தி இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்ப்பார். தாள் ஊதாவாகும். அதன்மேல் தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். சொட்டு விழுந்த இடம் சிவந்தால் புளிப்பு, பச்சை ஓடினால் உவர். சிவந்தால் தாளைப் பார்த்துத் தலையை லேசாகத் தாழ்த்துவார். பச்சையானால், "தெரியும்டா ஒன்னப்பத்தி" என்பார். கடைசியாக உலர்ந்த மண்ணின்மேல் எலுமிச்சம் சாறு விடுவார். சுண்ணாம்பு இருக்கிற மண் சீறி நுரைக்கும். எங்கள் ஆபீஸ் வாசல் மண் சோடாவைப் போல நுரைத்தது.

அந்த வாசலில்தான் எதருச் செடி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பத்மநாபன் சாருக்கும் மேலே இருந்த பெரிய அதிகாரி வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். அங்கே ஒரு மலை முழுக்க ஊதா நிறமாகப் பூத்துக் கிடந்ததாம். செடியின் பெயர் ஹெதர். "நம்ம பக்கமும் மலை இருக்கே, இது வராதா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது கேள்வி. கூட்டம் முடிந்து சார் பஸ் ஏறுவதற்குள் அது உத்தரவாகிவிட்டது. கொடைக்கானலில் ஏதோ பழைய பங்களாத் தோட்டத்திலிருந்து சில தொட்டிகள் வாங்கிவந்தார். எங்கள் வாயில் ஹெதர் எதரு ஆனது. தேய்ந்த துடைப்பத்தில் பாசி பிடித்த மாதிரி இருக்கும். மலை மண் நிரப்பிய தொட்டிகளில் மாற்றி வைத்தேன். மண்ணின் புளிப்பும் மலைக் குளிரும் சேர்ந்து அதைச் சாகவிடாமல் வைத்திருந்தன. ஆனால் பெரிய அதிகாரிக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும். கள்ளக்குறிச்சியோடு நின்றுவிடுவார். ஆகவே எதரு கீழே இறங்கி வந்து அவருக்கு எதிரே பூக்க வேண்டும்.

"அவரு வர்றப்ப அது பூத்து நின்னுட்டா, ஒன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி அவருகிட்டயே கேட்டு வாங்கிடறன்டா" என்றார் சார்.

அப்போது நைனார்பாளையத்தில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் பெயர் சரோஜா. ஒருமுறைதான் பார்த்தேன். அதிலும் பாதி நேரம் காபித் தம்ளரைத்தான் பார்த்தேன். மீதி நேரத்தில் மிகவும் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா கலியமூர்த்திக்கு ஒரே நிபந்தனைதான்: வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். என் அண்ணன் சும்மா இருக்காமல், "ஒரு செடி பூக்கணுங்க, அவ்ளோதான். பூத்தா நிரந்தரம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கலியமூர்த்தி கள்ளக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்துவார்.

"இன்னா தோட்டம், பூத்துச்சா?"

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மாப்பிள்ளை என்று ஒருதரம் வாய் வந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதாம்.

"இன்னும் நடலீங்க."

"நடாமலே எப்டிய்யா பூக்கும்? ஐப்பசி முகூர்த்தம் வரைக்கும்தான் பாப்பன். சேலத்துல மில்லு வேலையில ஒரு பையன் இருக்கான். அவனுக்கு எதுவும் பூக்கத் தேவயில்ல."

நிலைமை இப்படி இருக்கும்போது, விழுப்புரத்திலிருந்து சார் ஆபீசுக்குப் போன் செய்தார். என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "டேய், பாத்தி மண்ணு நல்லாப் புளிக்கணும். நான் வர்றதுக்குள்ள புளிக்க வெச்சுடு" என்றார். லைன் அறுந்துபோனது.

கந்தகத்தையும் இலைமக்கையும்தான் அவர் மனதில் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்தில் புளிக்க வைப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆபீசுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த ராஜாத்தி அக்காவிடம் போனேன்.

"மண்ணப் புளிக்க வெக்கணுமா? ஆபீசரு சொன்னாரா?"

"ஆமாங்க்கா."

"திங்கவா?"

"செடி வெக்கங்க்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "வெயில் நாளுன்னா தானா புளிக்கும். இப்ப மப்பா இருக்குது. பழைய மாவு ஒரு கிண்ணம் வுட்டாத்தான் ஏறும். உப்பு மறந்துடாத. நீ கலக்காத, கூச்சப்படறவன் கலக்குனா மாவு பொங்காது."

அக்காவே வந்து பாத்தியில் இறங்கிக் கலக்கினாள். நீராகாரம் ஊற்றினோம். வாழையிலை போட்டு, ஈரச் சாக்கால் மூடினோம். மறுநாள் காலையில் பாத்தி உண்மையாகவே பொங்கியிருந்தது. தெரு நாய்கள் பந்திக்கு வந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆபீஸில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். சுண்ணாம்பு கிளார்க் மட்டும் வெளியே வந்து, "யாருக்குய்யா தெவசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சார் வந்தார். முழுச் சோதனையும் முறைப்படி செய்தார். தாள் பச்சையானது. அதற்கு முன்னால் அவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை.

"இன்னாடா பண்ண இவன?"

"புளிக்க வெச்சங்க சார்."

சாக்கைத் தூக்கி முகர்ந்தார். "உப்பு போட்டியா?"

"அக்கா போட்டாங்க சார்."

"தோசையா ஊத்தப் போற?" என்று கேட்டுவிட்டு, என்னை விட்டுவிட்டு மண்ணிடம் பேசினார். "எவ்ளோ செஞ்சாலும் நீ மாற மாட்ட." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மலைக்குப் போ. அவர நாலு மூட்டை கூட்டிக்கினு வா. தொட்டியெல்லாம் எடுத்துக்க. மொட்டு வந்துட்டுது இல்ல? பெரியவரு இந்த வாரம் வர்றாரு. அதுக்குள்ள மேல இருக்கறவர இங்க ஒக்கார வெச்சாவணும்."

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டமே எழுந்து நின்ற காலம். சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நாட்களில் வேறு ஊர்களில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வராது. உயிர்கள் போயின. நான் இருந்த இடத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மலையிலிருந்து கச்சிராயபாளையம்வரை பஸ்மேல் மூட்டைகளும் தொட்டிகளும் வந்துவிட்டன. அதற்குமேல் பஸ் இல்லை என்றார்கள். ஒரு மாட்டு வண்டியைப் பிடித்தேன். கொஞ்ச தூரத்திலேயே ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் வெட்டிப் படுக்க வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரர் இறங்கி மாடுகளை அவிழ்த்தார்.

"மாடு எனுது, ஓட்டிக்கினு போறன். மண்ணு கெவர்மெண்டுது, நீ பாத்துக்க. வண்டி நிக்கட்டும், ரோடு தொறந்தா வரன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்தில் முன்னால் நின்றவன் ஏழுமலை. பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன்.

"மூட்டையில இன்னாய்யா?"

"மண்ணுங்க."

"மண்ணா? ஏன், கள்ளக்குறிச்சியில மண்ணு தீந்துபூட்டுதா?"

"இருக்குதுங்க. புளிப்பு கம்மி."

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருவர் சிரிக்க முடியாமல் ரோட்டிலேயே படுத்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"செடி இன்னா செடி?"

"எதருங்க."

"எதிரா? யாருக்கு எதிரு?"

"யாருக்கும் இல்லீங்க. பேரே எதருங்க."

"பேரே எதிருன்னா அப்ப நம்ம ஆளுடா" என்றான் ஏழுமலை. "எங்க போவுது இது?"

"ஆபீஸ் வாசல்லீங்க. அங்க எடம் வுட்டிருக்காங்க."

ஏழுமலை சிரிப்பை நிறுத்தினான். பக்கத்தில் கரும்புக் கொல்லைக்காரர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை வேலு மாமா என்றார்கள். ஏழுமலை அவரிடம் திரும்பினான். "கேட்டியா மாமா? நாம இத்தினி பேரு ரோட்டுல ஒக்காந்து எடம் கேட்டுக்கினு இருக்கறோம். இந்தத் தொடப்பத்துக்கு எடமும் வுட்டு, அதுக்கேத்த மண்ணையும் மாத்திப் போடறாங்க."

வேலு மாமா மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அந்த ஆபீஸ் மண்ணு அதுக்கு ஒத்துக்காதாம்டா. ஒத்துக்காத மண்ணுல வெச்சுட்டு, ஏன்டா வளரலன்னு செடிய ஒதச்சா பூக்குமா? மண்ணத்தான் மாத்தணும்."

"இதத்தான நாம சொல்றோம்?"

"செடிக்குன்னா புரியுது அவங்களுக்கு" என்றார் மாமா.

மூட்டைகளை இறக்கி மரத்துக்கும் ரோட்டோரத்துக்கும் இடையே இருந்த சந்தில் அடுக்கினார்கள். சைக்கிள் போக முடியாதபடி அடைப்பு பலமானது. "நீ கெளம்புய்யா. மண்ணு இங்க இருக்கட்டும்" என்றார்கள். நான் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். போ என்று மறுபடி சொன்னார்கள். போகவில்லை. ஏன் என்று கேட்டார்கள். ஒவ்வொருவராக வந்து, அதட்டியும் கெஞ்சியும் டீ வாங்கிக் கொடுத்தும் கேட்டார்கள். கடைசியில் வேலு மாமாவின் காதில் மட்டும் சரோஜாவைப் பற்றிச் சொன்னேன்.

மாமா எழுந்து நின்று, "பொண்ணு மேட்டருடா!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு எதரு பூப்பது அந்த மறியலின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தொட்டிகளை வண்டிக்கு அடியில் நிழலில் வைத்தார்கள். ஒருவர் பக்கத்துக் கொல்லை போரிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரை ஊற்றினால் இத்தனை நாள் பாடுபட்டது வீணாகிவிடும்.

"உப்புத் தண்ணி ஆவாதுங்க" என்றேன்.

"நாங்க குடிக்கிறோமே?"

"நீங்க குடிக்கலாங்க."

கோமுகி அணை வாய்க்காலிலிருந்து வேறு தண்ணீர் வந்தது. அதையும் சோதிக்காமல் ஊற்ற எனக்கு மனமில்லை. ஒருவர் ஓடிப்போய்ச் செம்பருத்தி பறித்து வந்தார். டீக்கடைத் தம்ளரில் வாய்க்கால் தண்ணீரைத் தெளிய வைத்தேன். தெளியும்வரை பேசக் கூடாது என்பது சாரின் சட்டம். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். காலையிலிருந்து ஓயாமல் கேட்ட கோஷம் நின்றது.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சு விடாமல் ஒரு தம்ளரைச் சுற்றி நிற்பதைப் பார்த்தார். கலவரத்துக்கு அவர் தயாராக வந்திருந்தார். இதற்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

"இன்னாய்யா நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எதருக்குத் தண்ணி சார்" என்று யாரோ சொன்னார்கள்.

"எதிரிக்கா?"

"ஸ்ஸ்ஸ்" என்றது கூட்டம். இன்ஸ்பெக்டரும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு சொட்டு விட்டேன். தாள் சிவக்கவில்லை. பச்சையும் ஓடவில்லை. ஊதா ஊதாவாகவே இருந்தது.

"இன்னா சொல்லுது?" என்றான் ஏழுமலை.

"ரெண்டும் இல்லீங்க. நடுவுல நிக்குது. ஊத்தலாம்."

"தண்ணி நடுநிலைமையாம்டா!" என்று கத்தினான். "சார், நீங்களும் இப்படி இருந்தா நல்லா இருக்கும்." இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, செடியை யாரும் மிதிக்கக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏதாவது ஒரு உத்தரவு போடாமல் போகக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

வேலு மாமா வெட்டுப்பட்ட மரத்திலிருந்து தழையை உருவிவந்து தொட்டி மண்ணை மூடினார். "புளிப்புதான கேக்குது? மரமே படுத்துக் கெடக்குது பாரு." அதனால் மண் ஒரே நாளில் புளித்துவிடாது. ஆனால் குளிர்ச்சி நின்றது. மலையிலேயே முற்றியிருந்த மொட்டுகள், கீழே வந்த சூடு பட்டு, மறுநாள் காலையில் விரிந்தன.

பூவைப் பார்த்ததும் கூட்டத்தின் முகம் விழுந்துவிட்டது. எள்ளுப் பூவில் பாதிகூட இல்லை. ஒரு குச்சியில் நெருக்கமாக, ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகத் தொங்கியது.

"இதுக்காய்யா மூச்சு வுடாம நின்னோம்?" என்றார் முதல் நாள் ரோட்டில் படுத்துச் சிரித்தவர்.

பத்து மணி வாக்கில் சார் வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்தே வந்திருந்தார். முதலில் மூட்டையில் கை வைத்து, "அவரு நல்லா இருக்காரா?" என்று கேட்டார். பிறகுதான் பூவைப் பார்த்தார். ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரு வரலடா. மறியலுன்னு திரும்பிப் பூட்டாரு. இனிமே எப்ப வருவாருன்னு தெரியாது."

"பூத்துட்டுதுங்களே சார்" என்றான் ஏழுமலை. "இவருக்கு எழுதிக் குடுங்க."

"எப்டிப்பா எழுதறது? ஆபீஸ் வாசல்ல பூத்திருந்தா எழுதலாம். இது நெடுஞ்சாலைத் துறை எடம். அவங்க ரோட்டுல பூத்தத எங்க பூவுன்னு நான் காட்ட முடியுமா?"

கூட்டம் சாரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டது. எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. மில்லுக்காரன் எப்படி இருப்பான் என்று யோசித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் தெரிந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கலியமூர்த்தி மரத்தின்மேல் ஏறி இறங்கினார். சேலத்துக்குப் போகக் கிளம்பியவர், பஸ் இல்லாததால் எங்கேயும் போக முடியவில்லை. ஆபீஸில் விசாரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார்.

"இன்னா தோட்டம், பூத்துச்சா?"

காட்டினேன். குனிந்து பார்த்தார். "எங்க வூட்டுத் தொளசி இதவிட நல்லாப் பூக்கும். நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"ஆவுமா?"

நான் சாரைப் பார்த்தேன். சார் ரோட்டைப் பார்த்தார்.

"ஆவாதுங்க" என்றேன்.

கலியமூர்த்தி சைக்கிளைத் திருப்பினார். வேலு மாமா கேரியரைப் பிடித்துக்கொண்டார். "இருய்யா. நேத்திலேர்ந்து இவன எழுந்திரின்னு நாங்க சொல்லாத பேச்சு இல்ல. மண்ணு மூட்டைய வுட்டு எறங்கல. சோறுகூட அதுமேல ஒக்காந்துதான் தின்னான்."

"எதுக்கு?"

"ஒம் பொண்ணுக்குத்தான்."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னைச் சரியாகப் பார்த்ததில்லை, செடியைத்தான் பார்ப்பார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். மூட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உட்கார வசதியாக இருக்கிறதா என்று ஒருதரம் அசைந்து பார்த்தார்.

"நாலு மூட்டை மண்ண வுட்டுட்டுப் போவ மனசு வராதவன், எம் பொண்ண வுட்டுட்டா போவப் போறான்?" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "ஐப்பசியில வெச்சுக்கலாம் மாப்ள" என்றார்.

நான் மூட்டையை விட்டு எழுந்தேன். ஏழுமலை என் கையைப் பிடித்து மேலே தூக்கினான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். கோஷம் கோமுகி அணைவரை கேட்டிருக்கும்.

ஆபீஸ் வாசலில் மலை மண் போட்டு நட்ட எதரு ஐப்பசி வெயிலுக்கே கருகிப்போனது. மண் புளிப்பாக இருந்து என்ன செய்வது, வானம் அதன் வானம் இல்லை. என் வேலை பல வருடம் கழித்து, எல்லாத் தினக்கூலிகளுக்கும் சேர்த்து வந்த உத்தரவில் நிரந்தரமானது. அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பதில் வர நாளானது. பெரிய பெரிய கோரிக்கைகளோடு அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், அன்றைக்கே நிறைவேறியது என்னுடையது ஒன்றுதான். அதையும் நான் வாயைத் திறந்து கேட்கவில்லை.